மாடி வாடகை பூஜ்யம்

1

2007 ஜூலை 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். தூறல். புனே மழை நம் ஊர் மழையைப் போலக் கொட்டிவிட்டு ஓய்வதில்லை. ஒரு வேலையும் செய்யவிடாமல், குடையையும் மடக்கவிடாமல், நாள் முழுக்கப் பொசுபொசுவென்று தூறிக்கொண்டே இருக்கும். சூரியனைப் பார்த்து ஆறு நாளாகியிருந்தது. கொடியில் கிடந்த எட்டு பனியன்களில் ஐந்து காயவில்லை.

விஷ்ராந்த்வாடியிலிருந்து ஆட்டோவில் இருபத்திரண்டு ரூபாய் கொடுத்து தொலைபேசி அலுவலகத்துக்குப் போனேன். என் வீட்டுத் தொலைபேசியைச் சொந்த ஊரான பாளையங்கோட்டைக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பம் எழுதி வைத்திருந்தேன். கட்டணம் முந்நூறு ரூபாய். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகளாக இருக்கும் வயது. விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்து, பேனா முனையால் ஒரு கட்டத்தைத் தட்டினாள்.

"காகா, தாரீக் லிஹா."

இணைப்பை என்றைக்குத் துண்டிக்க வேண்டும் என்ற தேதியை எழுதச் சொல்கிறாள். முப்பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், மராத்தி புரியும். பேசும்போது மட்டும் பாதியில் இந்திக்குத் தாவிவிடுவேன். "உங்கள் சௌகரியம்போலச் செய்யுங்கள். எனக்கு அவசரமில்லை" என்று இரண்டு மொழியும் கலந்து சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, தேதியில்லாமலே முத்திரை குத்தினாள். நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நான்கு நிமிடத்தில் அரசாங்க வேலை முடிந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

2

அவசரமில்லை என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்து 1968இல் இங்கே வந்தேன். 1986இல் தொலைபேசிக்கு விண்ணப்பித்தேன். இணைப்பு வந்தது 1993இல். இடைப்பட்ட ஏழு வருடத்தில் அந்த அலுவலகத்துக்கு அறுபத்தொரு தடவை போயிருக்கிறேன். டைரியில் குறிப்பு இருக்கிறது. போன் வந்த அன்று தெருவில் பதினொரு வீட்டுக்கு பேடா கொடுத்தோம். என் மகன் சங்கருக்கு அப்போது பதினெட்டு வயது. யாருக்குப் பேசுவதென்று தெரியாமல் நேரம் சொல்லும் எண்ணுக்குப் போட்டு, மணி கேட்டுவிட்டு வைத்தான்.

ஆகவே இணைப்பு வாங்க ஏழு வருடம் என்றால், மாற்ற எப்படியும் ஏழு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். இப்போதே விண்ணப்பித்து வைத்தால், நாங்கள் கிளம்பும்போது சரியாக இருக்கும்.

எங்கே கிளம்புகிறோம், ஏன் கிளம்புகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். சங்கர் ஹிஞ்சேவாடியில் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் சிறிய கிளையில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். மே மாதம் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். இருபத்துமூன்று பேரில் நான்கு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த நால்வரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், மூன்று மாதம் சோதனை, சரியாக நடந்தால் இந்தியாவில் எந்த ஊரில் வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. சோதனையில் முக்கியமானது ஒன்றுதான். தினமும் மாலை ஏழரைக்கு அங்கே காலை பத்து மணி. அந்த நேரத்தில் மேலதிகாரி கூப்பிடுவார். இணையத்தில் ஆள் இருக்க வேண்டும். இணையம் எங்கள் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வருகிறது.

"எந்த ஊர்ல வேணாலும்" என்று அவன் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதுதான் தாமதம். கையில் எடுத்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தேன். எழுந்துபோய் கோடு போட்ட நோட்டும் அடிக்கோலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

3

நான்கு ஊர்கள்: புனே, சென்னை, கோயம்புத்தூர், பாளையங்கோட்டை. நாற்பத்திரண்டு வரிகள்.

ஊருக்கு ஒருவராக மூன்று பேருக்கு ஒரே பட்டியலை இன்லாண்ட் கடிதத்தில் எழுதி அனுப்பினேன். சென்னைக்கு என்னுடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர். கோயம்புத்தூருக்கு என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன். பாளையங்கோட்டைக்கு என் தம்பி. வெறும் அரிசி பருப்பு விலை இல்லை. குடிதண்ணீர் எந்தக் கிழமை வரும், எத்தனை குடம்? மின்சாரம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போகும்? தேங்காய் என்ன விலை, எந்த அளவு? மல்லிகைப்பூ முழம் என்ன? வேலைக்கு வரும் அம்மாளுக்கு எத்தனை பாத்திரத்துக்கு என்ன சம்பளம்? தமிழ்ப் பத்திரிகை காலை எத்தனை மணிக்கு வந்து விழும்? புனேயில் அது மறுநாள்தான் வருகிறது. முப்பத்தொன்பது வருடமாக ஒரு நாள் பிந்தியே எல்லாம் எனக்குத் தெரியவருகிறது.

பதில்கள் வந்தன. சென்னை நண்பர் தண்ணீர் லாரிக் கணக்கை மட்டும் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் பத்து மாத முன்பணம் கேட்கிறார்களாம். கோயம்புத்தூர்க்காரர் தண்ணீர் ருசியைப் பற்றி எழுதினாரே தவிர விலைகளைப் பாதிதான் எழுதினார். தம்பி எல்லா வரிக்கும் ஒழுங்காக விலை போட்டிருந்தான்.

புனேக்கு நானே சந்தையில் சுற்றினேன். இங்கே வெந்தயக்கீரை மலிவு, தேங்காய் விலை அதிகம். வெங்காயம் மலிவு, புழுங்கலரிசி கிலோவுக்கு ஆறு ரூபாய் கூடுதல். குளிருக்கு வெந்நீர் போடும் மின்சாரம், கம்பளிச் சட்டை, வருடத்துக்கு ஒரு குடை, ஊருக்குப் போய்வரும் ரயில் செலவைப் பன்னிரண்டால் வகுத்தது என்று பாளையங்கோட்டையில் இருப்பவனுக்குத் தேவையே இல்லாத நான்கு வரிகள் இங்கே உண்டு.

மாதக் கூட்டுத்தொகை இப்படி வந்தது. சென்னை 22,610. புனே 21,840. கோயம்புத்தூர் 18,275. பாளையங்கோட்டை 11,930.

பாளையங்கோட்டை அவ்வளவு குறைந்ததற்கு முதல் காரணம் முதல் வரி. வீட்டு வாடகை. புனேயில் 6,500 கொடுக்கிறோம். பாளையங்கோட்டைப் பத்தியில் நான் எழுதியது பூஜ்யம். அப்பா கட்டிய வீட்டில் கீழ்த்தளம் தம்பிக்கு, மாடி எனக்கு. அதுதான் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்கிறது.

சங்கரிடம் நோட்டைக் கொடுத்தேன். பேருந்துப் பலகையைப் படிக்கும் அளவுக்குத்தான் அவனுக்குத் தமிழ் எழுத்து வரும். வரிக்கு வரி விரல் வைத்து மூன்றாவது வரியில் நின்றுவிட்டான்.

"அப்பா, இது என்ன? பு... புழு?"

"புழுங்கலரிசி."

"நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன்."

நான் சொல்லச் சொல்ல அவன் ஆங்கிலத்தில் கணினியில் ஏற்றினான். ஒன்றரை மணி நேரம். பூஜ்யம் என்று சொன்னபோது என் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மருமகள் மீனா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவள் இங்கேயே கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா அங்கே ஆயுதத் தொழிற்சாலையில் இருந்தார்.

"மாமா, இதுல ஸ்கூல் ஃபீஸ் இருக்கு, ஸ்கூல்ல உங்க பேத்தி நித்யா யாரோட பேசுவான்னு இல்லயே. அவளுக்கு மராத்தியிலதான எண்ணவே வருது."

"ஏழு வயசுதானம்மா. ரெண்டு மாசத்துல தமிழ் வந்துரும்."

"எனக்கே முப்பது வருஷத்துல இவ்ளோதான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சங்கருக்கு அட்டவணை மிகவும் பிடித்துப்போயிற்று. "சூப்பர் ஒர்க் அப்பா" என்றான். நான் அவன் வாயால் பாராட்டுக் கேட்டு எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்த்தேன்; எண்ணிக்கை வரவில்லை. ஊர் மாற அனுமதி கேட்டு மேலதிகாரிக்குக் கடிதம் எழுதும்போது இதையும் சேர்த்து அனுப்பப் போவதாகச் சொன்னான். ஜூலை 16 அன்று அனுப்பினான். மறுநாள் காலை நான் தொலைபேசி அலுவலகத்தில் நின்றேன்.

4

அன்று பிற்பகல் மூன்று பத்துக்கு என் மனைவி கோமதி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க பாருங்க, போன்ல சத்தமே இல்ல."

"மழையில கம்பி நனைஞ்சிருக்கும்."

"நனைஞ்சா கொரகொரன்னுல்லா கேக்கும். இது ஒண்ணுமே இல்லாம கெடக்கு. நீங்க காலையில எங்க போய்ட்டு வந்திய?"

சொன்னேன்.

"நம்ம இன்னும் பெட்டியே எறக்கல. அதுக்குள்ள போனு ஊருக்குக் கெளம்பிட்டாக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. கோமதிக்கு ஊருக்குப் போவதில் இஷ்டமா இல்லையா என்று நான் அதுவரை கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் உள்ளறையிலிருந்து சங்கர் வந்தான்.

"நெட் போயிடுச்சு. ஏழரைக்கு கால் இருக்கு. அப்பா, என்ன பண்ணீங்க?"

"ஏழு மாசம் ஆகும்னு நெனச்சேன்."

"யாரு சொன்னாங்க ஏழு மாசம்னு?"

யாரும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு மறுபடியும் ஆட்டோ. அதே பெண். தேதி எழுதாத விண்ணப்பங்களை அன்றைக்கே துண்டித்துவிடுவது வழக்கமாம். 'சௌகரியம்போலச் செய்யச் சொன்னது நீங்கள்தானே' என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாற்றல் உத்தரவு கணினியில் ஏறிவிட்டது. அதை ரத்து செய்து பழைய எண்ணை மீட்க வேண்டுமானால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். புதிதாக விண்ணப்பித்தால் இரண்டு வாரத்துக்குள் புது எண்ணும் இணையமும் வந்துவிடும். நான் கேட்காமலே புது விண்ணப்பப் படிவத்தையும் எடுத்து நீட்டினாள். மழையில் ஈரமாகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையும் கொடுத்தாள்.

நான் அதை நிரப்பவில்லை. ஊருக்குத்தான் போகப் போகிறோமே.

5

ஏழு பத்துக்கு நானும் சங்கரும் ஆளந்தி சாலைக்குப் பக்கத்தில் இருந்த சைபர் கஃபேயில் உட்கார்ந்திருந்தோம். மணிக்கு இருபது ரூபாய். ஒன்பது கணினிகளில் ஏழில் கல்லூரிப் பையன்கள் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஏழரைக்கு மேலதிகாரி வந்தார். சங்கர் காதில் மாட்டிக்கொண்டு மரியாதையாகப் பேச ஆரம்பித்தான். பின்னால் ஒருவன் "மார், மார், பீச்சே சே மார்" என்று கத்தினான். துப்பாக்கிச் சத்தம் வேறு.

சங்கர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டான். பிறகு திறந்து, ஊரில் ஒன்றும் கலவரமில்லை, பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னான். நான் எழுந்துபோய் அந்தப் பையன்களிடம் கையைக் கூப்பினேன். ஒருவன் சத்தத்தைக் குறைத்தான். "அங்கிள், பாஞ்ச் மினிட்" என்றான். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் யுத்தம்.

மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்கு நான் முன்னால் போய்ச் சுவரோரத்துக் கணினியைப் பிடித்து வைப்பேன். நாற்காலியில் குடையை வைத்தால் யாரும் உட்காருவதில்லை. பகலில் பையன்கள் குறைவு. சங்கர் மத்தியானம் வந்து ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரை எட்டு மணி நேரம் வேலை செய்வான். கட்டணத்தை நான்தான் கொடுத்தேன். வேண்டாம் என்று இரண்டு நாள் சொன்னான். மூன்றாம் நாள் சொல்லவில்லை.

பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபோதுதான் அவன் என்ன வேலை செய்கிறான் என்று முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு வரி எழுதுவான், நிறுத்துவான், நகத்தைக் கடிப்பான், அழிப்பான். மேலதிகாரி பேசும்போது முதுகு நிமிர்ந்துவிடும். நான் என் அதிகாரி முன்னால் நின்றது போலவேதான். மூன்று மாதச் சோதனையில் எட்டு வாரம் முடிந்திருந்தது. கம்பி போனது யாரால் என்று அவன் அங்கே சொல்லவில்லை. மழையால் என்று சொல்லியிருக்கிறான்.

6

வெள்ளிக்கிழமை, 20ஆம் தேதி, மாலை ஆறு ஐம்பதுக்குக் கடிதம் வந்தது. சங்கர் ஒரு தடவை படித்தான். பிறகு திரையை என் பக்கம் திருப்பினான்.

அலுவலக ஆங்கிலம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. நீங்கள் அனுப்பிய ஆவணம் மிகத் தெளிவாக, மிகப் பயனுள்ளதாக இருந்தது என்று முதல் வரி. ஒரு விநாடி நெஞ்சு நிமிர்ந்தது; அமெரிக்காவில் ஒருவர் என் அட்டவணையைப் பாராட்டுகிறார். இரண்டாவது பத்தி: ஊர் மாறுவதில் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை. மூன்றாவது பத்தி: சம்பளம் வசிக்கும் ஊரின் செலவை ஒட்டியே தரப்படும். உங்கள் ஆவணத்தின்படி புதிய ஊரில் செலவு தற்போதைய ஊரில் ஆவதில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து. எனவே சம்பளமும் அதே விகிதத்தில் இருக்கும். சம்மதமானால் திங்கட்கிழமைக்குள் தெரிவிக்கவும்.

11,930ஐ 21,840ஆல் வகுத்தால் ஐம்பத்து நான்கு புள்ளி ஆறு. முழுமையாக்கினால் ஐம்பத்தைந்து. கணக்கில் பிழையில்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டியதுதான். இருபத்தொன்பது வருடம் நான் அரசாங்கத்தில் செய்த வேலையே இதுதான். ஊர்களைத் தரம் பிரித்து, பெரிய ஊரிலிருந்து சின்ன ஊருக்கு மாற்றலாகிப் போகிறவனுக்கு வீட்டு வாடகைப்படி, நகர ஈட்டுப்படி என்று ஒவ்வொன்றாகக் குறைத்து எழுதி, சிவப்பு மையில் சுழித்து அனுப்பியவன் நான். எத்தனை பேர் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் என் மகன் கையில், எவ்வளவு குறைத்துக் கொடுத்தால் அவனுக்குப் போதும் என்று நாற்பத்திரண்டு வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சங்கருக்குச் சம்பளம் நாற்பத்தெட்டாயிரம். ஐம்பத்தைந்து விழுக்காடு என்றால் இருபத்தாறாயிரத்து நானூறு. மேலதிகாரி கூப்பிட இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. வெளியே கூட்டிப்போய், பன்னுக்கு நடுவே வடை வைத்துத் தரும் வடாபாவ் இரண்டு வாங்கினான். பத்து ரூபாயை நான் கொடுத்தேன். கடையின் தார்ப்பாய்க்குக் கீழே நின்றோம்.

"அப்பா, இருபத்தாறுல அங்க ஓடுமா? உங்க டேபிள்ல பன்னெண்டுதான இருக்கு. பதினாலு மிச்சம் ஆகும். ஓகேதான?"

அவன் நிஜமாகவே கேட்டான். எனக்காக ஒத்துக்கொள்ளத் தயாராக இருந்தான். கடித்த வடாபாவைக் காகிதத்தில் மடித்தேன்.

"ஓடாது. அந்த மாடி நமக்குக் கெடையாது."

"உங்க ஷேர்தான?"

"பத்திரத்துல. சித்தப்பா அத வாடகைக்கு விட்டு எட்டு வருஷமாச்சு. அவன் கடை நொடிச்ச வருஷம். அந்த வாடகையிலதான் அங்க அடுப்பு எரியுது. என்கிட்ட கேட்டுட்டுத்தான் விட்டான். நானும் சரின்னேன்."

"அப்போ பூஜ்யம்னு போட்டது மிஸ்டேக்கா?"

"மிஸ்டேக்னா தெரியாம எழுதுறது. நான் தெரிஞ்சுதான் எழுதினேன்."

அவன் என்னைப் பார்த்தான். தூறல் தார்ப்பாயின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக அவன் தோளில் விழுந்தது.

"அவ்ளோ போகணுமா உங்களுக்கு?"

முப்பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்குப் போனால் ஒன்பதாம் நாள் புனே வீட்டுப் பால்காரன் நினைவு வருகிறது. திரும்பி வந்தால் ஒன்பதாம் நாள் ஊர் நினைவு. இதை எப்படிச் சொல்வது? "தெரியலப்பா" என்றேன்.

"சரி வாங்க. டைம் ஆச்சு."

உள்ளே போய்க் காதில் மாட்டிக்கொண்டான். அன்று பையன்கள் சத்தம் போடவில்லை; மின்சாரம் போகும் என்ற பயத்தில் பாதிப் பேர் வரவில்லை. அவன் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு முழுக்கக் கேட்டது. அட்டவணையில் ஒரு எண் தவறு, அதைத் தானே சரிபார்த்திருக்க வேண்டும், மன்னிக்கவும், புனேயிலேயே இருந்துகொள்கிறேன். தானே என்றான். என் பெயரை எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "தேங்க்யூ, தேங்க்யூ" என்று இரண்டு தடவை சொன்னான். சம்பளம் அப்படியே. சோதனை முடியும் வரை பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்களாம்.

7

சனிக்கிழமை காலை தொலைபேசி அலுவலகத்தில் அந்தப் பிளாஸ்டிக் உறையிலிருந்த படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். எல்லாக் கட்டங்களிலும் தேதி எழுதினேன். தேவையில்லாத இடத்திலும் எழுதினேன். முன்பணம் கட்டத் திங்கட்கிழமை இன்னொரு தடவை போனேன். புதிய இணைப்பு ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை வந்தது. மீனா முதலில் ரிசீவரை எடுத்துக் கேட்டுவிட்டு, "மாமா, டென்ஷன் எடுக்காதீங்க, உயிர் வந்துடுச்சு" என்றாள். கோமதி சுவாமி விளக்கிலிருந்து ஒரு பொட்டு குங்குமத்தை எடுத்துக் கருவியின் நெற்றியில் வைத்தாள். போக வேண்டாம் என்று ஆனதில் அவளுக்குச் சந்தோஷமா என்று கேட்டேன்.

"கேக்குததுக்கு இப்பத்தான் நேரம் கெடச்சிதாக்கும்" என்றாள்.

எண் புதிது. பதினான்கு வருடமாக ஊரில் அத்தனை பேருக்கும் மனப்பாடமான எண் போய்விட்டது. இனி யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் செத்துப்போன எண்ணுக்குத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள். முகவரிப் புத்தகத்தை எடுத்தேன். ஐம்பத்தெட்டுப் பெயர்களில் பதினைந்து பேருக்கு நேராக ஏற்கெனவே கோடு போட்டிருந்தேன். மீதி நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று தபால் அட்டை வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: எங்கள் புனே எண் மாறியிருக்கிறது, இனி இதுதான், குறித்துக்கொள்ளவும். பத்தொன்பதாவது அட்டை வரை 'தற்சமயம்' என்றொரு சொல்லும் இருந்தது. இருபதாவதிலிருந்து விட்டுவிட்டேன். மை வீண்.

தம்பிக்கு எழுதிய அட்டையில் மட்டும் கீழே ஒரு வரி சேர்த்தேன். மாடியில் இருப்பவர்களை அப்படியே இருக்கச் சொல்.

அட்டைகளைப் போட்டுவிட்டு வந்து நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். மாற்றல் கட்டணம் 300. சைபர் கஃபேயில் முதல் நாள் இரண்டு மணி நேரமும், பிறகு பதினொரு வேலை நாள் எட்டு மணி நேரமுமாக 1,800. புது இணைப்பும் முன்பணமும் 1,050. இணையத்துக்கு 250. அலுவலகத்துக்கு நான்கு தடவை போய்வர ஆட்டோ 176. வடாபாவ் இரண்டு, 10. தபால் அட்டை நாற்பத்து மூன்று, அரை ரூபாய் வீதம் 21.50.

ஆக மொத்தம் மூவாயிரத்து அறுநூற்று ஏழு ரூபாய் ஐம்பது காசு.